கண்மாயில் இறங்கிய நிறுத்தக்குறிகள்

மழை பொய்த்த ஓர் ஐப்பசியில் கொக்கனேந்தல் கண்மாய்க்குப் பறவைகள் வராமல் போயின. பறவைகளுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்து ஆங்கிலப் புத்தகங்களின் நிறுத்தக்குறிகள் வந்து இறங்கின. ஊர்க்காரர்கள் இதை இப்போதும் இப்படித்தான் சொல்வார்கள், நெல் விளைந்ததையும் மாடு கன்று போட்டதையும் சொல்கிற அதே குரலில், அதுவும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி. கொக்கனேந்தலில் யாருக்கும் சத்தம் போட்டுப் பேச வராது.

அது அப்படிப்பட்ட ஊர். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் மழைக்காலம்தோறும் நாரையும் கூழைக்கடாவும் நத்தைகுத்தியும் எங்கெங்கிருந்தோ வந்து கூடு கட்டும் என்பதால், அவை வெருண்டு போய்விடக் கூடாதென்று, அங்கே தீபாவளிக்கு வெடி கிடையாது, கல்யாணத்துக்கு மேளம் கிடையாது, சாவுக்குக் கொட்டு கிடையாது, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் கட்டியவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டுகிறவர்கள் ஊர் எல்லைப் புளியமரம் தாண்டியதும் ஹாரனை மறந்துவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் காதோடு காதாகத்தான் நடக்கும், வெளியூர்க்காரன் பார்த்தால் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். வெடிக்காமல் இருப்பதற்காக வனத்துறை ஒவ்வொரு தீபாவளிக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பெட்டி கொடுக்கும். அந்த வருஷம் கண்மாய் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. ஒரு பறவைகூட இல்லாத வானத்துக்குக் கீழே, யாருக்காக இந்த அமைதி என்று தெரியாமலே ஊர் அமைதியாக இருந்து, மிட்டாயைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், அரசு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில், ஜெசிந்தா டீச்சர் சங்கவியை எழுப்பிப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். டீச்சர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், அலைக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மாற்றலாகி வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளைகளிடம் வாயைத் திறந்து படியுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர். சங்கவிக்கோ ஆங்கிலம் என்றாலே பயம். அவள் அக்கா மகேஸ்வரி அதே வகுப்பில், அதே சன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி ஆங்கிலத்தில் மட்டும் கோட்டைவிட்டு, அந்த வைகாசியிலேயே நூற்பாலை வேனில் ஏற்றி அனுப்பப்பட்டவள். இப்போது பொங்கலுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் பஞ்சுத் தூசி ஏறிய இருமலோடு வந்து போகிறவள். சின்னவளும் ஆங்கிலத்தில் தவறினால் அதே வேன் அதே இடத்தில் வந்து நிற்கும் என்று தாய்மாமன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை என்பதைச் சங்கவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வாசித்தாள், வரிக்கு அடியில் விரலை ஓட்டி ஓட்டி, ஊர்ப் பழக்கப்படி உதட்டுக்குள்ளேயே. இரண்டாவது வரியில் அவள் விரலுக்குக் கீழே ஒரு காற்புள்ளி அசைந்தது. விரலை எடுத்தாள். அது வாலை ஒரு தரம் உதறி, தாளைவிட்டு எழும்பி, புத்தக ஓரத்தில் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அடுத்தது எழும்பியது, அதற்கடுத்தது எழும்பியது, மேற்கோள்குறிகள் இணை இணையாக எழும்பின, கேள்விக்குறிகள் கழுத்தை வளைத்து வளைத்து எழும்பின, முற்றுப்புள்ளிகளுக்குச் சிறகில்லை என்பதால் அவற்றைக் காற்புள்ளிகள் முதுகில் ஏற்றிக்கொண்டு எழும்பின, வகுப்பிலிருந்த எல்லாப் புத்தகங்களிலிருந்தும் எழும்பிய அந்தக் கூட்டம் கூரைக்குக் கீழே கறுப்பாகச் சுழன்று வந்தது. சன்னலைச் சாத்துங்கள், சாத்துங்கள் என்று டீச்சர் கத்தினார். ஆனால் வீட்டுக்குள் பறவை புகுந்துவிட்டால் கதவு சன்னலையெல்லாம் திறந்துவைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நில் என்று பேச்சு வருவதற்கு முன்பே பழக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். சன்னலுக்கு அருகில் இருந்தவள் சங்கவி. அவள் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா வகுப்பிலும் அதுவே நடந்திருந்தது. தமிழ்ப் புத்தகத்தின் குறிகள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை; அவையும் கப்பலேறி வந்த அதே வம்சம்தான் என்றாலும், வந்த வீட்டில் கோழி மாதிரிப் பழகிப்போய்ப் பறக்கிற நினைப்பையே விட்டுவிட்டன என்று தலைமையாசிரியர் தங்கவேலன் விளக்கம் சொன்னார். அவர் எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர். ஆனால் ஆங்கிலக் குறிகள் ஏன் பறந்தன என்பதற்கு அவரிடமும் விளக்கம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஊர் மொத்தமும் கண்மாய்க்கரையில் கூடிநின்று, காய்ந்த மரங்களின் கிளைகளில் அவை வரிசை வரிசையாக உட்கார்ந்து இறகு கோதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பறவைக் காவலுக்கு இருந்த வாட்சர் கருப்பணன் தூரதிருஷ்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "விருந்தாளி வந்தாச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஊருக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூட மணியின் நாக்கில் துணியைச் சுற்றினார்கள். மரத்தடியில் ஆடு மேய்ப்பதை நிறுத்தினார்கள். பெண்கள் பெயர் வைத்தார்கள்: காற்புள்ளிக்கு வால்குஞ்சி, கேள்விக்குறிக்கு வளைகழுத்தன், ஒற்றைக்காலில் விறைப்பாக நிற்கிற ஆச்சரியக்குறிக்கு நெட்டுக்குத்தி, எப்போதும் இரண்டிரண்டாகவே திரிகிற மேற்கோள்குறிகளுக்குப் புதுப்பொண்ணு மாப்பிள்ளை. கருப்பணன் பறவைக் கணக்கெடுப்பில் இவற்றையும் சேர்த்து எழுதி மேலே அனுப்பினார், மேலே இருந்தவர்களும் எண்ணிக்கை கூடியதில் சந்தோஷப்பட்டு ஒன்றும் கேட்காமல் வாங்கிவைத்துக்கொண்டார்கள். கார்த்திகை பாதிக்குமேல், இனி மழையே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, வானம் இடிந்து விழுந்த மாதிரி பெய்து கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போனது. வந்த விருந்தாளிகளின் ராசி என்றார்கள். மரங்கள் தண்ணீருக்குள் நிற்கத் தொடங்கியதும் வால்குஞ்சிகள் கூடு கட்டின. அந்தக் கூடுகளுக்குள், முதுகில் சுமந்து வந்த முற்றுப்புள்ளிகளை அடுக்கிவைத்து, மேலே படுத்துக்கொண்டன.

அப்போதுதான் முற்றுப்புள்ளி என்று இத்தனை காலமும் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது முட்டை என்று கொக்கனேந்தலுக்குத் தெரிந்தது.

கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். அரசாங்கப் புத்தகத்தைப் பாதுகாக்கத் தெரியாத பள்ளிக்கூடம் என்று இரைந்துகொண்டே காரைவிட்டு இறங்கியவர், கரைமேல் ஏறினார், பார்த்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், பிறகு ஊரைவிட்டுப் போகிறவரையில் சைகையிலேயே பேசினார். புதுப் புத்தகங்கள் அனுப்பிவைத்தார். அவை வந்த பஸ் புளியமரத்தைத் தாண்டும்போதே கட்டுக்குள்ளிருந்து குறிகள் கிளம்பிப்போய் மரங்களில் இடம் பிடித்துக்கொண்டன. பிள்ளைகள் பேனாவால் போட்ட புள்ளியும் அப்படித்தான், மை காய்கிற நேரம்கூடத் தாளில் தங்காது. ஆங்கில வாக்கியங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஒரே ஓட்டமாக ஓடின. வாசிக்கிற பிள்ளை மூச்சு வாங்கும் இடம் தெரியாமல் திணறி உட்கார்ந்துவிடும்.

ஜெசிந்தா டீச்சர் சில நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு, பறக்கிறதுதானே பறந்தது, வேர்ச்சொல் எங்கேயும் போகவில்லையே என்று எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு வேரை எழுதுவார், அதிலிருந்து கிளைக்கிற சொற்களைச் சுற்றி எழுதுவார். போர்ட் என்றால் சுமப்பது, டிரான்ஸ்போர்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், போர்ட்டர். கடைசிச் சொல்லைக் கேட்டதும் சங்கவிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுடைய அப்பா மதுரைக் காய்கறி மார்க்கெட்டில் போர்ட்டர். வீட்டில் நாளெல்லாம் புழங்குகிற அந்தச் சொல், பெயர்கூடத் தெரியாத ஏதோ ஒரு பழைய தேசத்தில் பிறந்து, எத்தனையோ கடலையும் வாயையும் தாண்டி, யார் யாருடைய சுமையையோ தூக்கிக்கொண்டு வந்து, கடைசியில் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு ஆங்கிலத்தின் மேலிருந்த பயத்தில் ஒரு பெரிய துண்டு உடைந்து விழுந்தது. அன்று மைக்ர் என்றால் இடம்பெயர்வது, மைக்ரேட், இமிக்ரன்ட் என்று டீச்சர் அடுத்த வேரை எழுதியபோது, வகுப்பு மொத்தமும் எழுத்தைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே கண்மாயைப் பார்த்தது.

அதிலிருந்து டீச்சர் வகுப்பைக் கரைமேலேயே நடத்தத் தொடங்கினார். கடற்கரைத் தொண்டையைக் கஷ்டப்பட்டு இறக்கி, மொட்டையாக நின்ற பாடத்தை அவர் மெதுவாக வாசிப்பார். வாசிப்பில் சின்ன இடைவெளி விழுகிற இடத்தில் ஒரு வால்குஞ்சி கிளையைவிட்டு வந்து பிள்ளைகளுக்கு நடுவே தரையில் அமரும். குரல் மேலேறிக் கேள்வியாக நிற்கிற இடத்தில் ஒரு வளைகழுத்தன் வந்து நிற்கும். பாடத்தில் யாராவது பேசத் தொடங்கும்போது புதுப்பொண்ணு மாப்பிள்ளை ஜோடியாக இறங்கி, பேச்சு முடிகிறவரை காத்திருந்து இன்னொரு ஜோடியை வரவழைக்கும். வாக்கியம் முடிந்து டீச்சர் வாயை மூடுகிற இடத்தில் எதுவும் வராது, ஆனால் கூட்டில் அடைகாக்கிற ஒன்று எழுந்து, முட்டையைப் புரட்டிவிட்டு, மறுபடி படுக்கும். விதி என்று நெட்டுரு போட்டபோது ஏறாதது சங்கவிக்குப் பார்த்துப் பார்த்தே ஏறியது. தை பிறப்பதற்குள் அவளால் எந்த மொட்டைப் பத்தியைப் பார்த்தாலும் எந்தக் குறி எங்கே வந்து உட்கார ஆசைப்படும் என்று சொல்லிவிட முடிந்தது.

தெரிந்து என்ன செய்ய, பரீட்சைத் தாளில் போட முடியாதே. மழை பிந்தியதால் கூடு பிந்தியது, கூடு பிந்தியதால் அடை பிந்தியது; மாசி முடிந்தும் முட்டை பொரியவில்லை. வழி ஒன்று இருக்கிறது என்பது மாவு மில்லில்தான் தெரிந்தது. ஒரு நாள் நடுப்பகலில் மில் பெல்ட் அறுந்து, வெடிபோட்ட மாதிரி சத்தம் கிளம்பியது. கரையோர மரத்திலிருந்த வால்குஞ்சிகள் அத்தனையும் அலறியடித்துப் பறந்து, பள்ளிக்கூடச் சன்னல் வழியாகப் பாய்ந்து, ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களில் அவையவை இருந்த பழைய இடங்களில் போய் ஒட்டிக்கொண்டன. பிறகு அவை அசையவே இல்லை, அச்சு மையாகவே ஆகிவிட்டன. அவை விட்டுவந்த கூடுகளைக் கருப்பணன் மறுநாள் பரிசலில் போய்ப் பார்த்தார். முட்டைகள் வெறும் மைப்பொட்டாகக் காய்ந்து கிடந்தன. மில்காரர் அன்றே மில்லைப் பூட்டிவிட்டு, இனி சித்திரைக்குத்தான் திறப்பு என்று எழுதித் தொங்கவிட்டார்.

பங்குனியில், ஆங்கிலப் பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது, அம்பலகாரர் தலைமையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரு பக்கம் நின்று, ஒரு சரம் வெடித்தால் போதும், குறியெல்லாம் புத்தகத்துக்கும் பிள்ளைகள் கைக்கும் திரும்பிவிடும் என்றார்கள். முட்டையை யார் பொரிப்பது என்று மற்றவர்கள் கேட்டார்கள். அடிதடி வரை போன சண்டை, ஆனாலும் குசுகுசுவென்றே நடந்தது. முடிவில் அம்பலகாரர், பசித்த காலத்தில் வேட்டைக்குக்கூட வெடிக்காத ஊர், பரீட்சைக்காகவா வெடிக்கும் என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அன்று சன்னலைத் திறந்துவிட்டவள் இவள்தான் என்று யாரோ சங்கவியின் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தபோது, பங்குனித் திருவிழாவுக்கு லீவில் வந்திருந்த மகேஸ்வரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம், அக்காவைக் காணோம் என்று தேடிப்போன சங்கவி, அவளைக் கண்மாய்க்கரையில் கண்டாள். கையில் ஒரு வெடிப்பெட்டி. நூற்பாலையில் தீபாவளிதோறும் பெண்களுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுப்பார்கள். எல்லாப் பெண்களும் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் வெடிக்க, கொக்கனேந்தல் பெண் மட்டும் வருஷாவருஷம் அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளிவைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதிலிருந்து நீளமான சரமொன்றை எடுத்துக் கரைமண்ணில் விரித்துப்போட்டுவிட்டு, தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளிப் போடி. ஒரே ஒரு சரம்தான், எல்லாம் வந்து விழுந்துரும்."

"முட்டை செத்துரும்க்கா."

"நான் செத்தேனே, அதுக்கு இந்த ஊரு கூட்டம் போட்டுச்சா?"

மகேஸ்வரி அதைச் சத்தமாகக் கேட்டாள். நூற்பாலை இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குக் குரல் பெருத்திருந்தது; அந்த ஊரில் பிறந்து கத்தத் தெரிந்த ஒரே பெண் அவள்தான். கத்திய வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. மரங்களில் இருந்தவை எல்லாம் ஒருசேரத் தலையைத் தூக்கின. ஆனால் பறக்கவில்லை, அடைகாத்தவை கூட்டோடு இன்னும் அழுந்திப் படுத்துக்கொண்டன. அக்கா சொன்னது நிஜம். அவள் பரீட்சையில் தவறிய வைகாசியில் ஒரு நாய்கூட ஏன் என்று கேட்கவில்லை. வேன் வந்தது, ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

மகேஸ்வரி குச்சியை உரசினாள். அவள் குனிந்த முகத்துக்கு நேரே, கரையோரக் கிளை ஒன்று தாழ்ந்து தொங்கியது, அதில் கையெட்டும் தூரத்தில் ஒரு கூடு. அடைகாத்துக்கொண்டிருந்த வால்குஞ்சி அவளுடைய முகத்துக்கும் தீக்கும் வெகு அருகில் இருந்தும் ஓடாமல், எழுந்து ஒரு பக்கமாக நகர்ந்து கொடுத்தது. கூட்டுக்குள் ஒரு முற்றுப்புள்ளி. அது அசைந்தது. அதன் கறுப்பில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது, கீறல் விரிந்தது, உள்ளேயிருந்து ஈரமாக ஒரு வால் முதலில் வந்தது, பிறகு தலை வந்தது, கடுகைவிடச் சின்னதாக ஒரு காற்புள்ளி வெளியே விழுந்து, தள்ளாடி எழுந்து, வாயைத் திறந்தது. தீ விரலைச் சுடுகிற வரைக்கும் மகேஸ்வரி குச்சியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சுட்டதும் ஊதி அணைத்தாள், அதையும் மெதுவாகத்தான் ஊதினாள்.

"இதையாடி," என்று கேட்டாள், பிறந்த ஊரின் குரலில், "ஒவ்வொரு வரிக்கும் கடைசியில இதையாடி நாங்க வச்சுக்கிட்டு இருந்தோம்?"

சங்கவி தலையை ஆட்டினாள். அக்கா தங்கை இரண்டு பேரும் வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, பக்கத்துக் கூடு, அடுத்த கூடு, மரத்துக்கு மரம் என்று கண்மாய் முழுவதும் முற்றுப்புள்ளிகள் உடைவதைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனதும் மகேஸ்வரி வெடிப்பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஊறவைத்து, குழி தோண்டிப் புதைத்தாள். மறுநாள் மில்லுக்குக் கிளம்பும்போது தங்கையின் தலையில் கைவைத்து, தெரிஞ்சதை எழுது, எடம் விட்டு எழுது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பரீட்சை பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சங்கவி முதல் வாக்கியத்தை எழுதி, கைப்பழக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். எங்கிருந்தோ ஒரு வால்குஞ்சி வந்து அதை முதுகில் ஏற்றிக்கொண்டு சன்னல் வழியாகக் கொக்கனேந்தல் திசைக்குப் போனது. பிறகு அவள் புள்ளி வைக்கவில்லை. காற்புள்ளிக்குக் காற்புள்ளி உட்காரும் அளவு இடம், கேள்விக்குறிக்குக் கழுத்து வளைக்கும் அளவு இடம், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு கூடு கொள்ளும் அளவு இடம் விட்டு விட்டு எழுதினாள். பஸ்ஸில் வரும்போதே அவள் சொல்லி வைத்திருந்ததால் ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் அப்படியே எழுதினார்கள். கண்காணிக்க வந்த ஆசிரியர் அவளுடைய தாளைப் பார்த்துவிட்டு, குறி ஒன்றையும் காணோமே அம்மா, நேரம் ஆகிறதே என்றார். "வந்துரும் சார்" என்றாள் சங்கவி, உதட்டுக்குள். அவர் நினைவு வந்துவிடும் என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டு, பாவம் என்று நகர்ந்தார்.

அதே நேரத்தில் கண்மாயில் குஞ்சுகள் முதல்முறையாகச் சிறகடித்தன. கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள், அம்பலகாரர் பார்த்தார், மாமாவும் பார்த்தார். பெரியவை முன்னால், குஞ்சுகள் நடுவில், வளைகழுத்தன்கள் இரண்டு ஓரத்திலும், ஒரு பெரிய புத்தகத்தின் குறிகள் எல்லாம் எழுத்தை உதறிவிட்டு வானத்தில் ஏறியதைப்போல ஏறி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பாமல் வடக்கே போய் மறைந்தன. ஊர்ப் புத்தகங்கள் மொட்டையாகவே கிடந்தன. போனால் போகிறது, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று பெண்கள் கும்பிட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கிய சங்கவி காலி மரங்களைப் பார்த்துவிட்டு, வேன் வந்து நிற்கும் இடத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சித்திரையில் ஜெசிந்தா டீச்சர் விடைத்தாள் திருத்தப் பெரிய ஊருக்குப் போனார். யார் தாள் யாருக்கு வரும் என்று தெரியாதபடி எண்ணை மாற்றிக் கட்டிவைத்திருப்பார்கள். வெக்கை தாங்காமல் எல்லோரும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த மண்டபத்தில், எதிர் மேசையில் இருந்த முன்பின் தெரியாத ஓர் ஆசிரியை ஒரு கட்டைப் பிரித்ததும் சட்டென்று நிமிர்ந்து, "யாராச்சும் அந்த ஃபேனை நிறுத்துங்களேன்" என்று கேட்டாராம், ரொம்ப மெல்லிய குரலில். ஏன் என்று கேட்டவர்களிடம், காற்புள்ளிகள் எழுதினவை மாதிரி இல்லை, வந்து உட்கார்ந்தவை மாதிரி இருக்கின்றன என்றார். முற்றுப்புள்ளிகளைத் தொட்டால், அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி விரலுக்கு வெதுவெதுப்பாக இருக்கின்றன என்றார். ஜெசிந்தா டீச்சர் தன் மேசையிலிருந்தே சங்கவியின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். இதைச் சங்கவியின் வீட்டு வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

கொக்கனேந்தலில் அந்த வருஷம் ஆங்கிலத்தில் ஒருவர்கூடத் தவறவில்லை. வைகாசியில் வேன் வந்தது, வழக்கமான இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது, யாரும் ஏறாததால் திரும்பிப் போனது. மாமா அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை தவறாமல் பெய்தது. நாரைகள் வந்தன, கூழைக்கடாக்கள் வந்தன, வெடியில்லாத தீபாவளி யாருக்காக என்று எல்லோருக்கும் தெரிந்தே போனது. மறுநாள் காலை சங்கவி கண்மாய்க்குப் போனபோது, மில்லை விட்டே வந்துவிட்ட மகேஸ்வரி அங்கே கரையில் உட்கார்ந்திருந்தாள். தனித்தேர்வராக எழுதப் பணம் கட்டிவிட்டு, பரணிலிருந்து இறக்கிய தன்னுடைய பழைய பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள், மொட்டையாய்க் கிடந்த முதல் பக்கம் மேலே தெரியும்படி. சங்கவி கூப்பிட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். கூழைக்கடாக்களுக்குப் பின்னால், வடக்கேயிருந்து, கறுப்பாகச் சின்னதாக ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்று மட்டும் தனியே பிரிந்து, முதுகில் சுமையோடு தாழ இறங்கி, மகேஸ்வரியின் மடிக்கு மேலே வட்டமிட்டது. அவளுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, புத்தகம் அசையாமல், அது இறங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.